பத்த வெச்சுகினு வாடா

என் நைனாவுக்கு, பாசம் பாதியும் கோபம் பாதியுமாக உன் சின்னப் பொண்ணு எழுதுவது.

உனக்கு வருஷப் படையல் போட்டு முடித்தாயிற்று. அன்று நடந்ததைப் பற்றிச் சித்தப்பா உன்னிடம் ஏற்கனவே புகார் சொல்லியிருப்பார். உன் போட்டோ முன்னால் நின்று, "பாத்தியாண்ணா, உன் வூட்டு பொம்பளைங்க பண்ண வேலைய" என்று அவர் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு நீ மனசைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். நம்ம கே.ஜி.கண்டிகையிலேயே எத்தனை வீட்டில் இதே கதை ஓடுகிறது என்று உனக்குத் தெரியாதா?

முதலில் உனக்குத் தெரியாத சேதி ஒன்று. சேகர் அண்ணனுக்கு வலது கால் கட்டைவிரல் இப்போது இல்லை.

நீ போன கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றான். அப்புறம் விரல் நீலமாச்சு, நீலம் கறுப்பாச்சு. பார்த்தவர்கள் எல்லாரும் சுகர் என்றார்கள். அவனும் சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டு, கூடவே பீடியும் பிடித்துக்கொண்டு, சுகர் குறைந்துவிடும் என்று காத்திருந்தான். கடைசியில் சென்னைக்கு ரயில் ஏற்றிக்கொண்டு போனோம். ரத்தத்தில் சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது.

"பீடி எத்தனை வருஷமா?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். "காலுக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சுக்கிட்டே வருது. பீடி, சிகரெட் பிடிக்கிற வயசுப் பசங்களுக்கு வர்ற நோய் இது. விட்டுட்டா கால் தப்பிக்கும். திரும்ப ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சா நோயும் கூடவே ஆரம்பிக்கும். அடுத்த தடவை விரலோட நிக்காது" என்றார். மல்லிகா அண்ணி அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் பிரேக் போடுகிற கால் அது நைனா. அவர்கள் சாப்பிடுகிற சோறு அந்தக் காலில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவன் பீடியைத் தொடவில்லை. தொடவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் அந்த வீட்டில் அவனோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். தட்டை விட்டெறிந்தான். வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளையை இல்லாததுக்கெல்லாம் திட்டினான். ஸ்டாண்டில் மற்ற ஆட்டோக்காரர்கள் வட்டமாக நின்று பிடிக்கும்போது இவன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வான். ஆஸ்பத்திரியில் மெல்லுவதற்கு ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். பீடியை விடுகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு அறையில் இருந்த மேடம் அவ்வப்போது போன் செய்து, "சேகர், இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று விசாரிப்பார். அந்தப் போன் வந்த அன்று மட்டும் அவன் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். உன்னை நாங்கள் எத்தனை ஆஸ்பத்திரி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்? எல்லாரும் "பீடியை விடுங்க பெரியவரே" என்றார்கள். எப்படி விடுவது என்று ஒருத்தர் உட்கார்ந்து சொன்னாரா? இவனுக்கும் விரலை எடுத்த பிறகுதான் அந்த அறை எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். மருந்தும் மேடமும் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், முதல் இருமலிலேயே கிடைக்கக் கூடாதா? பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைச் சொல்ல வீடு தேடி வருகிறார்கள். இதற்கும் வரலாமே.

நைனா, உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வாயில் எப்போதும் இருந்த ஒரு வார்த்தை. "பத்த வெச்சுகினு வாடா."

கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்துவிட்டு வந்து வாசல் கட்டிலில் உட்காருவாய். ஒரு பீடியை எடுத்து அண்ணனிடம் நீட்டுவாய். அவன் அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். அடுப்பில் கொள்ளியை எடுத்து, பீடியை வாயில் வைத்து இழுத்தால்தான் அது பிடிக்கும். அவன் இழுத்து, இருமி, கண்ணில் தண்ணீரோடு கொண்டுவந்து தருவான். நீ சிரிப்பாய், அம்மாவும் சிரிப்பாள். கொஞ்ச நாளில் அவன் இருமுவதை நிறுத்திவிட்டான். அதற்கும் நாம் சிரித்தோம். ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. பிள்ளைக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டோம்.

கடைக்கு அனுப்பினாலும் அதே கதைதான். "நைனாவுக்கு" என்று சொன்னால் போதும், கடைக்காரர் பீடிக் கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த போர்டைத் தொங்கவிட்டுக்கொண்டே விற்கிறார்கள். நான் கணக்குப் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு பெட்டிக்கடை. பள்ளிக்கூடம் பக்கத்தில் விற்கவே கூடாது. நாங்கள் டீச்சர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். ஜீப் வந்தது, சிகரெட் தட்டு உள்ளே போனது. ஜீப் போனது, தட்டு வெளியே வந்தது. நான் நேராகப் போய்க் கேட்டேன். "இன்னா டீச்சர், கெவுருமென்ட்டே வரி வாங்கிகினு தான விக்க சொல்து?" என்றார். வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

உன்னால் விடவே முடியாது என்று நினைத்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீ விட்டாய் நைனா. வருஷா வருஷம் விட்டாய். ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டு மஞ்சள் துணி கட்டிவிட்டால், காவடியை மலை ஏற்றி இறக்கும் வரைக்கும் உன் வாயில் பீடி இருக்காது. உன் சட்டையை அந்த நாட்களில் மட்டும்தான் நான் முகர்ந்து பார்ப்பேன். திருநீறும் வியர்வையும் கலந்த வாசம் வரும். அம்மா அந்த நாட்களில் ராத்திரி இருமாமல் தூங்குவாள்.

நீ மட்டும் விடவில்லை, ஊரே சேர்ந்து உன்னை விட வைத்தது. அதுதான் எனக்கு இப்போது புரிகிறது. ஒருமுறை விரதத்தின் நடுவில் தாங்காமல் நீ கடை வரைக்கும் போனாயே, கடைக்காரர் என்ன சொன்னார்? "மால போட்டுகினு வந்து பீடி கேக்கறியே, நான் குடுத்தா எனக்கு ஆவுமா? போ, போ" என்று துரத்தினார். உன் கூட்டாளிகள் உன் எதிரில் பற்ற வைக்காமல் தள்ளிப் போய் நின்றார்கள். ஒருத்தனும் "ஒண்ணு இழு மாமா" என்று நீட்டவில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் முதல் வேலையாக நீ அண்ணனைக் கூப்பிடுவாய். எதற்கென்று உனக்கே தெரியும். முருகனுக்காக முடிந்தது எங்களுக்காக ஏன் முடியவில்லை என்று நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சட்டம் என்று நான் சொல்வது அந்தக் கடைக்காரர் அன்று செய்ததைத்தான். வாங்குகிறவனுக்கு மனசு தடுமாறும்போது விற்கிறவன் "போ, போ" என்று சொல்ல வேண்டும். அவனாக அதைச் சொல்ல மாட்டான். அரசாங்கம் சொல்ல வைக்க வேண்டும்.

சரி, படையலுக்கு வருகிறேன். போன வருஷம் நீ மாலை போடுவதற்கு முன்னாலேயே போய்விட்டாய். அதனால் உன் திதி ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் கிளம்பும் வாரத்தில் வந்தது. ரோட்டில் பம்பைச் சத்தமும் அரோகராவுமாகக் கூட்டம் திருத்தணிக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா காலையிலேயே பஸ் ஏறிப் போய் வாழையிலை, பூ, பழம் எல்லாம் வாங்கி வந்தாள். பைக்கு அடியில் ஒரு கட்டுப் பீடி.

நான் பார்த்துவிட்டேன். "இது எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? உங்க நைனாவுக்கு. எலையில வெக்க."

செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது வழக்கம்தான். கள்ளு குடித்தவருக்குக் கள்ளு, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. உன் அப்பாவுக்கு நீயே பீடி பற்ற வைத்து இலை ஓரம் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அவரக் கொன்னதே அதான். அதையே வாங்கியாந்து வெப்பியா?" என்று கத்தினேன்.

அம்மா திருப்பிக் கத்தவில்லை. கீரை ஆய்கிற முறத்தைக் கீழே வைத்தாள். "கடைசி நாள்ல மூக்குல குழாய் சொருவிகினு கெடந்தாரு. பேச முடியல. ரெண்டு வெரல ஒதட்டுக்கிட்ட வெச்சு வெச்சுக் காட்டினாருடி. நான் தான் வேணாம்னு தலைய ஆட்டினேன். அந்த ஏக்கத்தோடவே போய்ட்டாரு. இப்பவும் குடுக்கலன்னா நான் இன்னா பொம்பள?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைப் பற்றியும் உன்னிடம் சொல்ல வேண்டும். உனக்கு வந்த அதே மூச்சடைப்பு அவளுக்கும் வந்திருக்கிறது. ஒரு பீடியை உதட்டில் வைத்து அறியாதவள். டாக்டர் அவளிடம், "வீட்டுல யாரும்மா புகை பிடிப்பாங்க?" என்று கேட்டார். "பிடிச்சவரு போயிட்டாரு சார்" என்றாள் அம்மா. இத்தனை வருஷம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்ததற்கு உன்னிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது அந்த இருமல்தான்.

"வை. வேணாம்னு சொல்லல. ஆனா யாரு பத்த வெக்கறது?" என்றேன். எனக்குப் பயமெல்லாம் அதில்தான் இருந்தது.

பந்தல் கம்பத்தில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா பதில் சொன்னார். "இது இன்னா கேள்வி? கொள்ளி வெச்ச கைதான் இதையும் வெக்கணும். சேகரு தான்."

"கற்பூரத்துல காட்டிப் பத்த வெச்சுட்டா போச்சு" என்றேன்.

"அது இன்னா ஊதுவத்தியா? வாயில வெச்சு இழுத்தாத்தான் புடிக்கும். இஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

பத்துப் பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். "ஒரு இழுப்பு தான. நான் இழுத்து வெச்சுட்டுப் போறேன். இதுக்கு ஏன் சண்ட?" என்றான்.

அவன் சலித்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் அந்தச் சலிப்புக்கு அடியில் ஆசை இருந்தது. எனக்கு அது கேட்டது. மல்லிகா அண்ணிக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் வடை தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு இழுப்பு. உன் நோய்க்கும் நம் ஊரில் அதுதான் பேர். ராத்திரியெல்லாம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நைனாவுக்கு இழுப்பு அதிகமாயிடுச்சு" என்றுதான் அண்ணன் எனக்குப் போன் செய்வான்.

அண்ணிதான் ஒரு வழி சொன்னாள். அவள் பெரியவர்கள் நடுவில் வாய் திறக்கிற ஆளே இல்லை. "கட்டோட எலையில வெச்சுடலாம் அத்த. மாமாவே அங்க பத்த வெச்சுக்கட்டும்" என்றாள். அம்மா அரை மனசாகத் தலையாட்டினாள். "அப்ப நெருப்புப் பெட்டியும் வைங்க, அங்க கடை எங்க கீதோ" என்றார் சித்தப்பா. அதையும் வைத்தோம்.

பீடிக் கட்டின் மேல் ஒட்டியிருந்த, புண்ணான வாயைக் காட்டுகிற எச்சரிக்கைப் படம் உன் போட்டோவைப் பார்த்தபடி இருந்தது. நீ உயிரோடு இருந்தபோது புதுக்கட்டு வாங்கினால் முதலில் அந்தத் தாளைத்தான் கிழித்து அடுப்பில் போடுவாய். படத்தைப் பார்த்தால் பீடி ருசிக்காது என்பாய். அப்படியென்றால் படம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? ஸ்டாண்டில் யாரும் கட்டாக வாங்குவதில்லை, ஒன்று ரெண்டாகத்தான் வாங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் படமே படுவதில்லை. சில்லறையாக விற்பதை நிறுத்தினால் பாதிப் பேருக்கு வாங்குவதற்கே யோசனை வரும். அண்ணனே சொன்னான், "ஒரு கட்டு வாங்கணும்னா யோசிப்பேன், ஒண்ணு வாங்க யோசிக்கவே மாட்டேன்" என்று.

கற்பூரம் காட்டியாயிற்று. அண்ணன் இலைச்சோற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்க மதில் மேல், முருங்கை மரத்தடியில் காக்காவுக்கு வைத்தான். "கா... கா..." என்று கூப்பிட்டான். நாங்கள் கைகட்டி நின்றோம். காக்கா வரவில்லை.

எதிர்வீட்டு ஓட்டின் மேல் அவை உட்கார்ந்திருந்தன. எங்களைப் பார்த்தன. சோற்றைப் பார்த்தன. ஒன்று எழும்பிப் பாதி தூரம் வந்து திரும்பிப் போய்விட்டது. பந்தலில் இலை போட்டு உட்கார்ந்த சனம் காத்துக்கொண்டிருந்தது. மாத்திரை போட வேண்டிய பெரியவர்கள் முனக ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அழுதன. யாரோ ஒரு அம்மாள் மெல்ல ஆரம்பித்தாள். "பீடி பத்த வெக்கலல்ல, அதான் வரல." அதற்கப்புறம் எல்லார் வாயிலும் அதே பேச்சு.

சித்தப்பா முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு, ஒரு பீடி முடிந்தால் அடுத்தது என்று பற்ற வைத்துக்கொண்டே ஆத்திரமாகப் பேசினார். "எங்கண்ணன் கோவக்காரரு. கேட்டத குடுக்காம சோத்த வெச்சா துன்னுவாரா? டேய் சேகரு, எடுத்தாந்து பத்த வைடா. சனங்க பட்டினியா கீறாங்க."

அண்ணன் உள்ளே போனான். நான் பின்னாலேயே போனேன். "அண்ணா, வேணாம்ணா." அவன் என்னைப் பார்க்கவில்லை. உன் இலையிலிருந்து கட்டையும் நெருப்புப் பெட்டியையும் எடுத்தான். படம் போட்ட தாளைக் கிழித்தான், நீ கிழிப்பதுபோலவே ஓரத்திலிருந்து. ஒரு பீடியை உருவினான். அதை உருட்டிப் பார்க்க அந்த விரல்கள் இன்னும் மறக்கவில்லை, நைனா. அண்ணி வாசற்படியில் வழியை மறித்து நின்றாள். "கால நெனச்சுக்கங்க" என்றாள். அவன் அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் நொண்டியபடி, பின்பக்கம் வந்தான். பீடி உதட்டில் இருந்தது. தீக்குச்சியை உரசினான்.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து பின்வாசலுக்கு வந்தாள். ஏன் இத்தனை நேரமாகிறது என்று பார்க்கத்தான் வந்தாள். காற்று அவள் பக்கம் அடித்தது. சித்தப்பா விட்ட புகை நேராக அவள் முகத்தில் போய் இறங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சே நின்றுவிடும் போல இருமினாள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். எதிர்வீட்டு ஓட்டைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள். கடைசியில் மகனைப் பார்த்தாள்.

"சேகரு! வாயிலேருந்து எட்றா அத!"

அந்தச் சத்தத்தை நான் என் வாழ்நாளில் அவளிடமிருந்து கேட்டதில்லை. அண்ணன் பீடியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டான். தீக்குச்சி விரலைச் சுட்டுக் கீழே விழுந்தது. அம்மா அடுத்து சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, சோத்து பக்கத்துலயே நின்னுகினு நீ பொகைய வுட்டுகினு இருந்தா எந்தக் காக்கா வரும்? இப்பால வா."

"நான் இன்னா பண்ணேன்?" என்றார் சித்தப்பா. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"வான்றேன்ல!"

வந்தார். பீடியை மதிலில் தேய்த்து அணைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார். மரத்தடி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் புகை கலைந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு காக்கா வந்தது. மதிலில் தத்தித் தத்தி நடந்து, சோற்றைத் தலை சாய்த்துப் பார்த்து, அண்ணி சுட்ட கார வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. பின்னாலேயே நாலைந்து வந்து இறங்கின.

"அந்த மனுஷன் வட தான்டி கேட்டாரு. பீடி கேக்கல" என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நைனா, அரசாங்கத்திடம் நான் கேட்பதும் இதைத்தான். மரத்தடியில் நிற்கிறவரை இப்பால வரச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில் அவர் நிற்கிற வரைக்கும் மற்றவர்கள் மூச்சு விட முடியாது, விட்டவனும் திரும்பப் பிடிப்பான். பொது இடத்தில் பிடிக்கக்கூடாது என்று சட்டம் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அம்மா மாதிரி ஒரு குரல் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். பீடிக்கும் சிகரெட் மாதிரி வரி போட்டு விலையை ஏற்றுங்கள் என்றால், பீடி சுற்றுகிற பெண்கள் பிழைப்பு என்ன ஆகும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த வரிப்பணத்திலேயே அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். புகையிலைத் தூளோடு உட்கார்ந்து அவர்களும் இருமிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

ஆனால் அன்றைக்கு எனக்கு அரசாங்கம் நினைவில் இல்லை. என் கண்ணெல்லாம் அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. அம்மா கத்தியதும் வாயிலிருந்து எடுத்த பீடியை அவன் கீழே போடவில்லை. பையில் வைத்துக்கொண்டான். நான் பார்த்தேன். பந்தியில் பரிமாறும்போது அடிக்கடி கை அங்கே போய் வந்ததையும் பார்த்தேன். அண்ணியிடம் சொல்லலாமா என்று திரும்பினால், அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போனார்கள். சித்தப்பா சொல்லிக்கொள்ளாமலே போனார். அம்மா மீதிக் கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வாழைக்குப் பக்கத்தில் குழி பறித்துப் புதைத்தாள். மண்ணைத் தள்ளி மூடும்போது ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். உன்னிடம்தான் பேசியிருப்பாள், என்ன என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ரோட்டில் இன்னொரு காவடிக் கூட்டம் போனது. அண்ணன் வாசல் கட்டிலில், நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். பம்பைச் சத்தம் தூரமாகப் போன பிறகு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான். "அந்தக் கட்டு எங்கம்மா?"

அண்ணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

அம்மா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீந்த வடைகளைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "உங்க நைனா எடுத்துகினு போய்ட்டாரு."

அவன் குனிந்து விரல் இல்லாத காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, கசங்கிப் போன அந்த ஒற்றைப் பீடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

"ஒண்ணு வுட்டுட்டுப் போய்ட்டாரும்மா. இதையும் குடுத்துடு."

இதுதான் நைனா நடந்தது. இனி சித்தப்பா சொன்னதையும் இதையும் சேர்த்துவைத்து நீயே முடிவு பண்ணிக்கொள். அண்ணன் மறுநாள் ஆட்டோ எடுத்தான். அந்த மருந்தை மென்றுகொண்டு, "கசக்குது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனான். நாளைக்கும் அவன் கை பையைத் தடவும் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வருஷமும் உன் இலையில் கார வடை இருக்கும், உனக்குப் பிடித்த பாயசம் இருக்கும். பீடி இருக்காது. அந்தப் பள்ளிக்கூடத்து எதிர்க்கடைத் தட்டு ஒரேயடியாக உள்ளே போகும் வரைக்கும் நான் மனு எழுதிக்கொண்டே இருப்பேன். அம்மாவின் மூச்சையும் அண்ணனின் காலையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கட்டு முழுசாக இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. அங்கே அதற்கு நெருப்புக் கிடைக்காவிட்டால், கிடைக்காமலே இருக்கட்டும். பழைய ஞாபகத்தில் இந்தப் பக்கம் திரும்பி, "பத்த வெச்சுகினு வாடா" என்று மட்டும் அண்ணனைக் கூப்பிட்டுவிடாதே நைனா. நீ கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான்.

சேகருக்குத் தங்கச்சி,
உன் சட்டையை ஆடி மாசத்தில் மட்டும் முகர்ந்து பார்த்த உன் சின்னப் பொண்ணு